கல்குளத்துக்கு வழி

பாட்டா விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் ஒரு பிரமாணம் இருந்தது. மற்ற மாவட்டங்களில் பத்திரம் என்று சொல்வதை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய ஆட்கள் பிரமாணம் என்றுதான் சொல்வார்கள். பழுப்பேறிய முத்திரைத்தாளில் மலையாள எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்த அதில் கொல்லம் ஆண்டு 1112 என்று இருந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 1936-37. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானதும் அந்த ஆண்டில்தான். நாட்டில் அத்தனை பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தபோது, பாட்டாவின் தகப்பனார் பதினெட்டு சென்ட் புரையிடம் (வீட்டுமனை) ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். இடம் கல்குளம் தாலுகாவில் இருப்பதாகப் பிரமாணம் சொன்னது.

அந்தப் பதினெட்டு சென்டுக்குப் பெயர் மாற்றம் செய்ய நான் அலைந்த கதை நீளமானது. இங்கே அதில் ஒரு துண்டு போதும். ஓர் அலுவலகத்தில், வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஊழியர் ஒருவர் என் தாள்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிரமாணத்தில் கல்குளம், என் முகவரியில் தக்கலை, வாக்காளர் அடையாள அட்டையில் பத்மநாபபுரம். "சார், நீங்க உண்மையில எந்த ஊரு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன என்று ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே காரியம் நகர்ந்தது. ஒரு மன்னர் தம் ஊருக்குப் புதுப்பெயர் சூட்டி ஏறத்தாழ 270 ஆண்டுகள் கழித்து, அதற்கு விளக்கம் எழுதித்தரும் வேலை எனக்கு வந்து வாய்த்தது.

அந்த ஊழியரின் குழப்பத்தில் தவறில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் வருவது தக்கலை. பேருந்துப் பலகையில் இருப்பதும் நடத்துநர் கூவுவதும் இந்தப் பெயரைத்தான். சந்திப்பிலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர் போனால் கோட்டைச் சுவர் தென்படும். அதற்குள் இருப்பது பத்மநாபபுரம். ஆனால் தக்கலைச் சந்தையும் பேருந்து நிலையமும் அடங்கிய நகராட்சிக்குப் பெயர் பத்மநாபபுரம். சட்டமன்றத் தொகுதி, வருவாய்க் கோட்டம் ஆகியவற்றின் பெயரும் அதுவே. தாலுகாவின் பெயர் மட்டும் கல்குளம். அதன் அலுவலகம் இருப்பதோ தக்கலையில். கல்குளத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள் என்று பேருந்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் இருந்த பெயர் கல்குளம்தான். கல்லும் குளமும் சேர்ந்த இந்தப் பெயருக்கு இங்கே யாரும் தலபுராணம் தேடிப் போவதில்லை. கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசுவாமி கோயிலையும் அதன் குளத்தையும் காட்டிவிடுவார்கள். வேளிமலை அருகில் காவலாக நிற்க, சுற்றிலும் வயலும் தோப்புமாக இருந்த இந்த இடம் வேணாட்டு மன்னர்களின் தலைநகரானது. அதற்கு முன்பு தலைநகராக இருந்தது பக்கத்திலேயே உள்ள திருவிதாங்கோடு. ஓர் அரசுக்கே திருவிதாங்கூர் என்று பெயர் தந்த அந்த ஊர் இன்று ஒரு பேரூராட்சி. பெயரைக் கொடுத்துவிட்டுத் தான் சிறுத்துப்போவது எங்கள் பகுதி ஊர்களின் ராசி என்று தோன்றும். கல்குளத்தில் அரண்மனை கட்டப்பட்டது 1601-ஆம் ஆண்டு வாக்கில், இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் என்று சொல்லப்படுகிறது.

பெயரை மாற்றியவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட அனுஷம் திருநாள் மார்த்தாண்ட வர்மர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்கு மிக்க பிரபுக்களை ஒடுக்கி, அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளைச் சேர்த்துக்கொண்டு, 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற தளபதியையே தம் படைக்குப் பயிற்சியாளராக்கிக்கொண்டவர் அவர். மண்சுவராக இருந்த கல்குளம் கோட்டை அவர் காலத்தில் கருங்கல் கோட்டையானது. அரண்மனையும் விரிவாகக் கட்டப்பட்டது. 1750 ஜனவரியில் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, அதுமுதல் இறைவனின் ஊழியராக, பத்மநாபதாசராக, ஆட்சி செய்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வாள்முனையில் சேர்த்த நாட்டை இறைவன் பெயருக்கு மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அரசனை எதிர்ப்பவன் இறைவனை எதிர்ப்பவனாகிவிடுகிறான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரின் பெயரும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பத்மநாபன் பெயரால் ஊர் அழைக்கப்பட்டாலும், பத்மநாபன் கோயில் கொண்டிருப்பது 50 கிலோமீட்டருக்கு அப்பால் திருவனந்தபுரத்தில். ஊரின் பழைய சாமி நீலகண்டர். பெயரில் பெருமாளும் குளக்கரையில் சிவனுமாகச் சச்சரவில்லாமல் காலம் ஓடுகிறது. பெயரை முழுதாக உச்சரிக்கத்தான் எங்கள் ஆச்சியால் கடைசிவரை முடியவில்லை. "பப்பநாபுரம்" என்று ஒரு இழுப்பு இழுத்து முடித்துவிடுவாள்.

அந்த நீலகண்டரின் பெயரைக் கொண்ட ஒருவரும் இதே காலத்தில் பெயர் மாறினார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். இந்த நீலகண்டசுவாமி கோயிலிலும் பணிபுரிந்தவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு சிறை, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்ற அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்கு வந்த கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். ஓர் ஊருக்குப் பெயர் மாற்றும் உரிமை மன்னருக்கு இருந்தது. தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்ட அலுவலருக்கு நேர்ந்தது இது. இரண்டும் ஒரே மன்னரின் ஆட்சியில், சில ஆண்டு இடைவெளியில் நடந்தவை என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சேர்த்துச் சொல்வதில்லை.

புதுப்பெயரோடு மார்த்தாண்ட வர்மர் தண்ணீரும் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பறளியாற்றின் குறுக்கே புத்தன் அணை கட்டி, அங்கிருந்து வெட்டிய கால்வாய்க்குப் பத்மநாபபுரம் புத்தனாறு என்று பெயர். பிற்காலத்தில், 1897-க்கும் 1906-க்கும் இடையே, மூலம் திருநாள் காலத்தில் கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணையோடு சேர்ந்து கோதையாற்றுப் பாசனமாக அது விரிந்தது. எங்களுக்கு அது வெறும் சானல். சானலில் குளித்து, சானல்கரையில் நடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை என்னுடையது. வயல்கள் வாழைத்தோட்டமாகி, வாழைத்தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்ட பிறகும், தண்ணீர் திறந்துவிட்ட நாளில் சானலின் சத்தம் மாறுவது எனக்கு இன்றும் தெரியும்.

ஆனால் பத்மநாபபுரம் என்ற பெயரோடு இந்த ஊர் தலைநகராக இருந்தது அரை நூற்றாண்டு அளவுக்குத்தான். மார்த்தாண்ட வர்மருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மர், தர்மராஜா என்று அறியப்பட்டவர், 1795-இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அரசர் போனால் அமைச்சர், படைத்தலைவர், கணக்கர், இசைவாணர் என்று எல்லாரும் போவார்கள். அரண்மனையின் உணவுக்கூடமான ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 2,000 பேர் சாப்பிட்ட ஊரில், அடுத்த ஆண்டு எத்தனை இலை விழுந்திருக்கும் என்று அந்த நீண்ட கூடத்தில் நிற்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

அரண்மனையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் ஒன்றைப்போல் ஒன்றில்லாத தொண்ணூறு பூக்கள், எப்படித் திருப்பினாலும் திரும்பிய நிலையில் நிற்கும் குதிரை விளக்கு, அறுபத்துநான்கு வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லப்படும் கட்டில், தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் என்று வழிகாட்டி காட்டுபவை எல்லாம் காண வேண்டியவைதான். எனக்குப் பிடித்தது தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கறுப்புத் தரை அது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சித்திரை மாதத்து வெக்கையிலும் அந்தத் தரை உள்ளங்காலில் குளிரும். ஒரு முறை மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையிலிருந்து இறங்கி வரும்போது என் முன்னால் ஒரு குடும்பம் நடந்து போனது. அவர்களின் வியர்த்த பாதங்கள் ஒவ்வொன்றும் கறுப்புத் தரையில் மங்கலாக ஒரு தடம் வைத்தன. விரல்கள் வரை தெளிவாகத் தெரிந்தன. நான் அந்த இடத்துக்குப் போவதற்குள் தடம் விளிம்பிலிருந்து சுருங்கி மறைந்துவிட்டது. எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள் என்று கேட்ட என் மகளுக்கு, காவலுக்கு நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே, "அதுக்குக் கணக்கு எழுதின ஓலை கிடைக்கல்லியே மோளே" என்றார்.

அந்தப் பெண்மணி கேரள அரசின் ஊழியர். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதும் எங்களுக்கு ஒரு வேலை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, நேசமணி முதலியவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்தப் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். மண் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றது. வாசலுக்கு வெளியே தமிழ்நாடு, உள்ளே நிர்வாகம் கேரளம். இதை வைத்து அவ்வப்போது யாராவது அறிக்கை விடுவார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூரை ஓடுகளையும் மரவேலைகளையும் இத்தனை ஆண்டு சிதையவிடாமல் காத்தவர்களின் கையிலேயே அது இருக்கட்டும் என்பேன். சுற்றியிருக்கும் கோட்டைச் சுவரின் நிலையைப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். ஆலும் அரசும் வேர்விட்டு, மழைக்காலங்களில் அங்கங்கே சரிந்து விழுகிறது அது.

ஆண்டில் ஒரு நாள் இந்த இரு அரசுகளும் அரண்மனை முற்றத்தில் ஒன்றாக நிற்கின்றன. தலைநகராக இருந்த காலத்தில் நவராத்திரி பத்மநாபபுரத்தில்தான் நடந்தது. அதற்கென்றே கல்தூண்களோடு நவராத்திரி மண்டபம் இருக்கிறது. பக்கத்திலேயே தேவாரக்கட்டுச் சரசுவதி. கம்பர் வழிபட்ட திருமேனி என்பது ஐதீகம். தலைநகர் போன பிறகு, சுவாதித் திருநாள் காலத்தில், 1840 வாக்கில், விழாவையும் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். அதுமுதல் தேவாரக்கட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஆண்டுதோறும் புறப்பட்டுப் போகிறார்கள். உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாள் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. கேரள அமைச்சர்களும் தமிழக அதிகாரிகளும் சூழ்ந்திருக்க, இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துகிறார்கள். முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். சாலையோர வீடுகளில் குத்துவிளக்கு ஏற்றி, பூவும் பழமும் வைத்த தட்டத்தோடு காத்திருப்பார்கள்.

ஊர்வலம் போன பிறகு ஊரில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. கொட்டுச் சத்தம் தக்கலை பக்கம் இறங்கித் தேய்ந்துபோகும். தெருவில் நசுங்கிய பூவும் யானை லத்தியும் கிடக்கும். மற்ற ஊர்களில் சரசுவதி பூசை கொண்டாடும் ஒன்பது இரவுகளிலும் இந்த ஊரின் சரசுவதி ஊரில் இருப்பதில்லை. நவராத்திரி மண்டபம் நவராத்திரியில் காலியாகக் கிடக்கும். சிறுவயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது, பாட்டாவிடம் முறையிட்டேன். "அவ ஜோலிக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றார். வளைகுடாவில் வேலைக்குப் போன தம் மகனைப் பற்றியும் அவர் இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

2011 கணக்கெடுப்பின்படி நகராட்சி முழுவதற்குமே மக்கள்தொகை 21,000-க்குச் சற்று மேல். அதிலும் கோட்டைக்குள் இருப்பவர்கள் சொற்பம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்றைக்கு வந்து பார்த்தால்தான் ஊரின் உண்மையான நடை தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகு தெருவில் ஸ்கூட்டர் சத்தம்கூட அரிது. ஓட்டு வீடுகளின் திண்ணைகளில் கம்பிவலை அடித்துவிட்டார்கள். சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். மீன்காரம்மா ஸ்கூட்டியில் வந்து ஹாரன் அடிக்கும்போது மட்டும் நாலைந்து கதவுகள் திறக்கும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேரளத்துப் பள்ளிப் பேருந்துகள் வந்து நின்றதும் அன்னாசிப்பழம் நறுக்கும் கத்திகளின் சத்தம் தொடங்கிவிடும். கார்த்திகை பிறந்துவிட்டால் கன்னியாகுமரிக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு. தெலுங்கும் கன்னடமும் கலந்த அந்த இரண்டு மாத வியாபாரத்தில்தான் சில குடும்பங்கள் ஆண்டு முழுவதும் ஓட்டுகின்றன.

கல்குளம் என்ற பெயரின் எல்லையும் குறுகிக்கொண்டே வருகிறது. 2019-இல் திருவட்டாறு தனித் தாலுகாவாகப் பிரிந்தபோது, பழைய கல்குளம் தாலுகாவின் மலைப்பக்கக் கிராமங்கள் அதோடு போய்விட்டன. தாலுகாவை விட்டால் இந்தப் பெயர் வாய்க்கு வருவது ஒரே ஒரு நாளில்தான். பன்னிரண்டு சிவன் கோயில்களுக்குப் பக்தர்கள் ஓடியே சென்று வழிபடுவது சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரிக்கு முந்தைய மாலை முஞ்சிறைத் திருமலையில் தொடங்கும் அது, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் என்று ஓடி ஏழாவதாக இங்கே வருகிறது. பிறகு மேலாங்கோடு வழியாகச் சென்று, தேவசகாயம் பிறந்த அதே நட்டாலத்தில் பன்னிரண்டாவது சிவாலயத்தில் முடிகிறது. ஓடுபவர்களின் பட்டியலில் பத்மநாபபுரம் கிடையாது, கல்குளம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவராத்திரியன்று, தக்கலையில் ஓடி வருபவர்களுக்குச் சுக்குநீர் கொடுக்கும் பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். காவி வேட்டி, கையில் ஓலை விசிறி, கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் திருநீற்றுப் பை, அதனோடு ஒரு கைப்பேசி என்று ஒரு பையன் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக வந்தான். வள்ளியூர்ப் பக்கமாம், முதல் வருட ஓட்டம். காலில் கொப்புளம் வந்து பிந்திவிட்டான்.

"அண்ணே, கல்குளத்துக்கு எப்படிப் போணும்? மேப்புல போட்டா தாலுகா ஆபீசக் காட்டுது."

வழி சொல்லிவிட்டு நிற்க மனமில்லாமல் நானும் கூடவே நடந்தேன். கோட்டைச் சுவர் வந்தது. அரண்மனைக்கு அம்புக்குறி போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவன், "கல்குளம்னு ஒரு போர்டுகூட இல்லையே அண்ணே, இதுதானா?" என்றான். பதில் சொல்ல நான் வாயெடுக்கும்போது, பின்னாலிருந்து "கோவிந்தா… கோபாலா…" என்று ஒரு கூட்டம் விசிறிகளை வீசிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடியது. அவன் மீதிச் சுக்குநீரை ஒரே மடக்கில் குடித்து, காகிதக் கோப்பையை என் கையில் திணித்துவிட்டு, நொண்டிக்கொண்டே அவர்களோடு ஓடத் தொடங்கினான்.